தேவையற்ற அழைப்பு

என் தம்பிக்கு அப்பா வைத்த கடைசிப் பெயர் ராங் நம்பர். பிறந்தபோது வைத்த பெயரை, அவன் வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து அவர் வாயில் எடுக்கவே இல்லை. மாதத்துக்கு ஒரு தடவையோ, மனசு வந்தால் இரண்டு தடவையோ, அம்மாவின் போன் அடிக்கும். தெரியாத எண்ணாக இருக்கும். அம்மா எடுத்து "ஹலோ" என்பாள். அந்தப் பக்கம் பேச்சே இருக்காது, மூச்சு மட்டும் கேட்கும். அம்மா பாட்டுக்கு எதையெல்லாமோ சொல்லிக்கொண்டே இருப்பாள். பிறகு லைன் போய்விடும். அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார்.

"யாரு?"

"ராங் நம்பர்."

"ராங் நம்பர்கிட்ட என் பிரஷர் மாத்திரை விஷயமெல்லாம் எதுக்குச் சொல்றே?"

போன் அடித்த உடனேயே அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்போம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வார்த்தை, "வரச் சொல்லு" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன? சொல்ல மாட்டார். அவர் சொல்லாமல் அம்மாவும் சொல்ல மாட்டாள். நல்ல ஜோடி.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். தம்பி படிப்பை முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது, சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவனைத் தன் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டார். ஒரு வாரம் போனான். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்றுதான் பாதி வேலை செய்ய வேண்டும். ஓரத்தில் இருக்கும் இடைவெளியில் பார்த்தால் அடிவரைக்கும் இருட்டாகத் தெரியும். யாரும் பார்க்க மாட்டார்கள். இவன் பார்த்துவிட்டான். அப்படியே உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டவனை இரண்டு பேர் விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்கள். அத்தனை பேர் நடுவில் அப்பா அவனைப் பயந்தாங்கொள்ளி என்றார். அத்தனை பேர் நடுவில் அவனும், "இந்த வேலையை நீயே கட்டிக்கிட்டு அழு" என்றான். வீட்டுக்கு வந்தும் இரண்டு பேருக்கும் அடங்கவில்லை.

"நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இந்த வாசப்படியை மிதிக்காதே."

அப்பாக்கள் ஆயிரம் சொல்வார்கள். என்னைக்கூட இரண்டு தடவை தலைமுழுகியிருக்கிறார், சாயங்காலம் காபி எங்கே என்று கேட்டிருக்கிறார். இந்த மடையன் அதைப் போய் அப்படியே எடுத்துக்கொண்டான். பழைய எண்ணை மாற்றினான். கூட்டாளிகள் யாருக்கும் தகவல் இல்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் மூச்சுதான்.

அது அவன்தானா என்று எனக்கே சந்தேகம் உண்டு. ஒரு தடவை அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "அவன் மூச்சு எனக்குத் தெரியாதா?" என்றாள். சின்ன வயதிலிருந்து அவனுக்குத் தூசி ஆகாது, மூக்கடைப்பு. உள்ளே இழுக்கும்போது லேசாக ஒரு விசில் வரும். போனைக் காதில் வைத்து நானும் அதைக் கேட்டிருக்கிறேன். நான் "டேய்" என்றதும் லைன் போய்விட்டது. அம்மா அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை.

அவளும் ஒரு தப்புச் செய்தாள். ஆரம்பத்தில் ஒரு நாள், "எங்கேப்பா இருக்கே?" என்று கேட்டுவிட்டாள். உடனே கட் ஆனது. அதற்குப் பிறகு மழைக்காலம் முழுவதும் போனே இல்லை. அன்றிலிருந்து அம்மா கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். சாப்பிட்டியா கிடையாது, எப்படி இருக்கே கிடையாது. சொல்வது மட்டும்தான். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், குழாய் ஒழுகுகிறது, உன் அக்கா புதுச் செருப்பு வாங்கினாள், கடிக்கிறது என்கிறாள், உன் கட்டிலில் இப்போது துணி மடித்து வைக்கிறோம், நீ வந்தால் எடுத்துவிடலாம். ஒரு கேள்வி இல்லாமல் அவ்வளவு நேரம் பேச முடியும் என்று யாராவது சொன்னால் நான் நம்பியிருக்க மாட்டேன். நீங்கள் முயற்சி செய்து பாருங்கள், வாய் தானாகக் கேட்டுவிடும்.

அப்பா இறந்துபோனார். இத்தனை காலம் கம்பியில் தொங்கிய மனுஷன், பஸ்ஸுக்குக் காத்திருந்த பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்து, எழுப்பாமலே இரண்டு பஸ்ஸைப் போகவிட்டிருக்கிறார்கள். அவரை வீட்டில் கிடத்திவிட்டு, அம்மாவின் போனில் கிடந்த பழைய எண்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பி அடித்தேன். எல்லாம் வழிப்போக்கர்களின் போன். "யாரோ ஒருத்தர் கேட்டார், குடுத்தேன்" என்றார்கள். சிலருக்கு அதுகூட ஞாபகமில்லை. அவன் இல்லாமலே எல்லாம் முடிந்தது.

முடிந்ததும் அம்மாவுக்கு ஒரே ஒரு வேலைதான் மிச்சம் இருந்தது. அடுத்த போன் வரும்போது அவனிடம் சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்வது என்பதுதான் பிரச்சினை. "அப்பா போயிட்டார்" என்று ஆரம்பித்தால் அதிர்ச்சியில் வைத்துவிடுவானோ? "வீட்டுக்கு வா" என்று ஆரம்பித்தால், அப்பா இருக்கும்போதே அம்மா தானாகச் சொல்கிறாள் என்று நினைத்து வைத்துவிடுவானோ? பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பாள். "வா. இனிமே உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." குழாயை மூட மறந்துவிட்டு மறுபடி சொல்வாள். நான், "அம்மா, தண்ணி வீணாப் போகுது" என்று கத்துவேன்.

இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் கடைசியில் அந்தப் போன் வராது. வரும் என்று ஆசைப்பட்டுப் படிப்பதாக இருந்தால் இங்கேயே விட்டுவிடலாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் போனுக்குப் புது வேஷம் போடத் தோன்றியது. சார்ஜில் கிடந்தபடியே தன்னைத் தானே அப்டேட் செய்துகொண்டது. காலையில் அம்மா அதை நீட்டி, "யாரோ என் போனை மாத்தி வச்சிட்டுப் போயிட்டாங்கடி" என்றாள். எல்லாப் படமும் கண்ணாடிக்கு அடியில் கிடப்பதுபோல் மங்கலாக இருந்தது. கடிகாரம் எங்கோ ஓரத்துக்குப் போயிருந்தது. பச்சைப் பொத்தானைத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்த போனை இப்போது இழுத்து எடுக்க வேண்டுமாம். இத்தனையும் நம் வசதிக்காக என்று ஒரு பக்கம் நிறைய எழுதி நன்றி வேறு சொல்லியிருந்தது.

எனக்கு முதலில் பிடித்திருந்தது என்பதையும் மறைக்கவில்லை. நான் ஒரு பல் டாக்டரிடம் முன் மேசையில் வேலை பார்க்கிறேன், யார் வலிக்கு எப்போது நேரம் என்று குறித்துக் கொடுப்பவள். அங்கே எல்லோரும் அந்த அப்டேட் பற்றியே பேசினார்கள். போட்டோவில் வேண்டாதவர்களை விரலால் சுற்றி வட்டம் போட்டால் காணாமல் போய்விடுவார்கள் என்று நர்ஸ் செய்து காட்டினாள். மாட்டி வைக்க அப்பாவுக்குத் தனியாக ஒரு படம்கூட இல்லை. இருந்ததில் நல்லது, தம்பி அவர் தோளில் கை போட்டு நிற்கும் படம்தான். அவனை வெட்டிவிடலாம், ஆனால் கை தோளிலேயே கிடக்கும். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கையைச் சுற்றி வட்டம் போட்டேன். போய்விட்டது. கை இருந்த இடத்தில் சட்டையின் கட்டங்களை அதுவே போட்டு நிரப்பிக்கொண்டது. தையல்காரன் தோற்றான்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"கை எங்கடி போச்சு?"

"எடுத்தாச்சு."

"எங்க வச்சிருக்கு அதை?"

படம் சுவரில் ஏறியது.

நாட்கள் போயின. போன் வரவில்லை. அம்மா அதைக் குளிக்கும்போது பாத்ரூம் ஜன்னலில் வைத்தாள், படுக்கும்போது தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நான் நினைத்ததை அவளும் நினைத்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நெட்டை மாமா வந்தார். அப்பாவோடு ஒன்றாக வேலை பார்த்தவர், வாசல் நிலையில் தலை இடிக்காமல் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்ததே கிடையாது. அப்பாவின் டூல் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கோபமாக ஆரம்பித்தார்.

"என்ன தங்கச்சி, வீட்ல ஆள் வச்சிருக்கீங்களா? ஆபீஸ் நம்பர்ல இருந்து உனக்கு நாலு தடவை போன் பண்ணேன். யாரோ ஒரு பொம்பளை எடுத்து யாரு நீ, என்ன விஷயம்னு என்னைக் குறுக்கு விசாரணை பண்ணுது. நான் யாருன்னு இவகிட்ட எதுக்குச் சொல்லணும்னு வச்சிட்டேன்."

அம்மா சிரித்தாள். "என் போனை என்னைத் தவிர யாரு எடுக்கப் போறாங்கண்ணே? தப்பாப் போட்டிருப்பீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது, எல்லாவற்றையும்தான் இடம் மாற்றி வைத்திருந்தார்களே. தெரியாத எண்ணிலிருந்து வரும் போனை அடிக்கவே விடாமல் அதுவே எடுத்துப் பேசிக்கொண்டிருந்தது. அழைத்தவர் பெயரும் காரணமும் சொன்னால்தான் நம் பக்கம் மணி அடிக்கும். சொல்லாவிட்டால் தொந்தரவு அழைப்பு என்று அதுவே முடிவு செய்து, அதுவே வைத்துவிடும். நமக்கு ஒரு சத்தம்கூட வராது.

"அம்மா, இதை யாரு ஆன் பண்ணது?"

"எதை?"

"தெரியாத போனை எல்லாம் நானே பார்த்துக்கவான்னு எதுவும் கேட்டுச்சா உன்கிட்ட?"

அம்மா யோசித்தாள். "ஒரு நாள் மத்தியானம் கேட்டுச்சு. தேவையற்ற அழைப்புகளிலிருந்து உங்களைப் பாதுகாக்கவான்னு. லோன் வேணுமா, வீடு வேணுமான்னு தலையைத் தின்னுறாங்களே, அவனுங்க தொல்லை விட்டதுன்னு சரின்னு அமுக்கினேன். ஏன்?"

என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தேவையில்லாத போன்னுதானேடி கேட்டுச்சு? அவன் போன் எப்படித் தேவையில்லாததாகும்?"

இதற்கு நெட்டை மாமா என்ன சொல்வார், நான் என்ன சொல்வேன்? நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷன், காலித் தம்ளரை வாயில் வைத்துக் குடிப்பதுபோல் பாவனை செய்தார்.

அது துண்டித்த போன்களைத் தனியாக வைத்திருந்தது. நெட்டை மாமாவின் ஆபீஸ் நம்பர், லோன்காரர்கள், இவர்களுக்கு நடுவில் மூன்று. இரண்டு ஒரே எண்ணிலிருந்து, மூன்றாவது வேறு எண்ணிலிருந்து, போன வாரம். மூன்றின் கீழேயும் 'அழைத்தவர் பேசவில்லை' என்று இருந்தது. தொட்டால் கேட்கலாம். தொட்டேன்.

"வணக்கம். நீங்கள் அழைத்தவரின் சார்பாகப் பேசுகிறேன். உங்கள் பெயர் என்ன?"

பெண் குரல். செய்தி வாசிப்பவள் மாதிரி சுத்தமாக இருந்தது. பின்னால் ஏதோ வண்டி போகும் சத்தம். மூச்சு. உள்ளே இழுக்கும்போது லேசாக ஒரு விசில்.

"உங்கள் குரல் கேட்கவில்லை. எதற்காக அழைக்கிறீர்கள்?"

"கேள்வி கேக்காதடி!" என்று அம்மா கத்தினாள். போனைப் பார்த்துத்தான் கத்தினாள். "அவன்கிட்டக் கேள்வி கேக்காதே, வச்சிருவான்!"

அவன் வைக்கவில்லை. அதுதான் கொடுமை. மூச்சு நின்று நின்று வந்தது. அம்மாவின் ஹலோவுக்காகக் காத்திருந்தான் என்று நினைக்கிறேன்.

"பதில் இல்லாததால் இந்த அழைப்பு துண்டிக்கப்படுகிறது. தயவுசெய்து மீண்டும் அழைக்க வேண்டாம். நன்றி."

மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அப்பாகூட இவ்வளவு மரியாதையாக அவனை வெளியே போகச் சொல்லவில்லை.

முதல் காரியமாக அந்த வசதியை அணைத்தேன். அணைக்கும்போது, "நிச்சயமாகவா? நீங்கள் பாதுகாப்பை இழக்க நேரிடும்" என்றது. கையில் இருந்தது அம்மாவின் போன் என்பதால் சுவரில் அடிக்காமல் விட்டேன். நெட்டை மாமா, "நம்பர் இருக்கே, திருப்பி அடி, அடி" என்றார். முதல் எண் ஸ்விட்ச் ஆஃப். எத்தனை தடவை அடித்தாலும் ஸ்விட்ச் ஆஃப். மூன்றாவது போன் வந்த எண்ணை அடித்தேன். மணி போனது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஹலோ, பஞ்சர் கடை."

விஷயத்தைச் சொன்னேன். போன வாரம் உங்கள் போனிலிருந்து யாராவது பேசினார்களா? இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கும், ஒல்லியா, மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருப்பான்.

"ஆமா, ஒருத்தர் கேட்டாரு. லாரியில வந்த ஆளு. டயர் கழட்டிக்கிட்டு இருந்தேன், போன் கொஞ்சம் குடுங்கண்ணேன்னாரு. காதுல வச்சிட்டு அப்படியே நின்னாரு, ஒண்ணும் பேசலை. அப்புறம் எங்கிட்டத் திரும்பி, ஏதோ மெஷின் பேசுதுண்ணே, அம்மா நம்பர்தான் இது, என்ன அர்த்தம்னு கேட்டாரு."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னம்மா சொல்றது? என் பொண்ணு போன்லயும் இப்ப அது வந்திருக்கு. வேண்டாதவங்க கூப்பிட்டா அது அப்படித்தான் பேசும்னு எனக்குத் தெரியும். அதைத்தான் சொன்னேன். தம்பி, உன் போன் வேண்டாம்னு அவங்க வச்சிருக்காங்க, விட்டுருன்னேன்." அவருக்குச் சட்டென்று ஏதோ உறைத்திருக்க வேண்டும். "தப்பாச் சொல்லிட்டேனாம்மா?"

அவரைத் திட்ட வாய் வந்தது. ஆனால் அவர் தெரிந்ததைத்தான் சொன்னார், கேட்டவனுக்கு உதவியாகத்தான் சொன்னார். யாரைத் திட்டுவது?

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"சரின்னாரு. போனைத் துடைச்சுக் குடுத்துட்டு லாரியில ஏறிட்டாரு."

எந்த லாரி, எந்தப் பக்கம் போனது, பெயர் ஏதாவது எழுதியிருந்ததா என்று கேட்டேன். தினமும் எத்தனையோ லாரி வருது, டயரைத்தாம்மா பார்ப்பேன் என்றார். மறுபடி வந்தால், அப்பா இறந்துவிட்டார், அம்மா காத்துக்கொண்டிருக்கிறாள், வீட்டுக்கு வரச் சொன்னார்கள் என்று சொல்லுங்கள் என்றேன். "அடடா. கண்டிப்பாச் சொல்றேம்மா" என்றார். ஆளைப் பார்த்தால் அடையாளம் தெரியுமா என்றேன். கொஞ்சம் யோசித்து, "தொப்பி போட்டிருந்தாரும்மா" என்றார். மூன்று வருஷத்தில் அவன் ஒரே எண்ணிலிருந்து திரும்பவும் கூப்பிட்டது எப்போதாவதுதான். ஒரே ஊருக்குத் திரும்பவும் வருவானா என்பது யாருக்குத் தெரியும்? நெட்டை மாமா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இனி கேட்க ஒன்றுமில்லை என்று நான் போனை வைக்கப் போனேன்.

அம்மா அதை என் கையிலிருந்து வாங்கினாள். ஸ்பீக்கர் அணைந்துவிடுமோ என்று பயந்தவள் மாதிரி தட்டில் ஏந்துவதுபோல் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நான் அவனோட அம்மா பேசறேன்."

"சொல்லுங்கம்மா."

"அவன் உங்ககிட்ட வாயைத் திறந்து பேசினானா?"

"பேசினாரும்மா. சொன்னேனே."

"குரல் எப்படி இருந்துச்சு?"

"குரலா?"

"சளி கட்டியிருந்துச்சா? கரகரன்னு இருந்துச்சா? இல்ல, ஆம்பளை மாதிரி கனமா ஆயிடுச்சா?"

அந்த மனுஷன் பாவம், திணறினார். "கவனிக்கலையேம்மா. சாதாரணமாத்தான் இருந்துச்சு."

"சரின்னு சொன்னான்னு சொன்னீங்களே. அவன் எப்படிச் சொன்னானோ அதே மாதிரி ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க."

"அம்மா, விடு" என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் பக்கம் காற்றடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"சரி" என்றார் அவர்.

அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். தலையை ஆட்டினாள். "இன்னும் கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருப்பான்" என்றாள்.

"ஆமாம்மா. கொஞ்சம் மெதுவாத்தான் சொன்னாரு."

"அப்ப அப்படிச் சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக, டயர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, இன்னொருவன் குரலை ஞாபகப்படுத்திப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"சரி."